ராசி ஒட்டுற நாள்

பால் பீச்சுகிற மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு கப்பும் எந்தக் காம்பிலும் மாட்டாமல் வசந்தாமணியின் கையில் தொங்கி, உஸ் உஸ்ஸென்று வெறுங்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. இடது கைப் பக்கம் செவலை மாடு, வலது கைப் பக்கம் பவுனு மாடு, நடுவில் இவள். கேன் எடுக்கிற வண்டி வர இன்னும் வெயில் தாழ வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் அவர் வந்துவிடுவார். மஞ்சளும் குங்குமமும் ரெண்டு முழம் பூவும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறார், மாட்டுக்கு. பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்த நாள் இந்தச் சென்னியப்பக் கவுண்டருக்கு ஞாபகம் இருக்குமா என்று கேட்டால் இருக்காது, ஏனென்றால் அப்படி ஒரு நாளே இல்லை. சரி, அதை விடு. இன்றைக்குப் பவுனுக்கு ராசி ஒட்டுகிற நாள். தலையீத்து ஈன்ற மாட்டுக்குச் சீம்பால் தீர்ந்து, பால் தெளிந்து, முதல் முதலாகச் சொசைட்டிக் கேனில் ஊற்றுகிற அன்றைக்கு இந்த மாட்டுக் கட்டுத்தாரையில் ஒரு வழக்கம். முதலில் செவலையைப் பீச்ச வேண்டும். பீச்சின கையைக் கழுவாமல், கப்பை அலசாமல், அந்த ஈரம் காய்வதற்குள் புது மாட்டின் காம்பைப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் செவலையின் ராசி புது மடியில் ஒட்டுமாம். கழுவினால் ராசி தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடுமாம். ராசி ஒட்டுகிறதோ இல்லையோ, கூட வேறு என்ன ஒட்டுகிறது என்பது இன்று காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, தெரியாமலே இருந்திருந்தால் இந்நேரம் பாதி மாடு பீச்சி முடித்திருப்பாள்.

டாக்டரம்மா வந்தது பெங்களூர்க்காரியைப் பார்க்க. பெங்களூர்ப் பக்கம் சந்தையில் பிடித்து வந்த மாடு, அதனால் அந்தப் பேர். மடி கல்லாகிக் காய்ச்சலில் கிடந்தது. ஒரு ஊசியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம் அந்தப் புள்ளை. போகவில்லை. பையிலிருந்து நாலு குழி வைத்த வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்து, காம்புக்கு ஒரு பீச்சு என்று பிடித்து, சோப்புத் தண்ணி மாதிரி என்னவோ விட்டுச் சுற்றினாள். பால் சளியாகத் திரண்டது, மடியில் நோவு இருந்தால் அப்படித்தான் திரளுமாம். "மத்த மாட்டையும் பாத்திரலாமாக்கா?" என்றாள். பாக்கலாம், அதுக்கென்ன. காவேரிக்கு ரெண்டு குழியில் சளி. சின்னிக்கு மூணு. அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தால் ஏதாவது ஒரு காம்பாவது சளி கட்டாத மாடே கிடையாது. பார்க்கப் பார்க்கப் பால் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கிறது, மடியில் வீக்கம் இல்லை, சூடு இல்லை, உள்ளுக்குள்ளே மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியாகச் செவலை. அதன் பாலில் மருந்தை விட்டதும் நாலு குழியும் ஒன்றாகச் சேர்ந்து, தட்டைக் கவிழ்த்தால்கூட விழமாட்டேன் என்று கொழகொழவென்று ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "தினம் யாரை மொதல்ல கறப்பீங்க?" இதைத்தான். "அப்பறம்?" அப்பறம் மத்ததெல்லாம் வரிசையா. "நடுவுல கப்பை மருந்துத் தண்ணில முக்குவீங்கல்ல?" முக்குவோம் டாக்டரம்மா, ஆனா... அந்த ஆனாவுக்குப் பிறகு ராசி ஒட்டுகிற கதையை வசந்தாமணிதான் சொன்னாள். அந்தப் புள்ளை முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு அப்படியே வாயிலே நின்றுபோனது. "அக்கா, நோவு இருக்கிற மாட்டைக் கடைசில கறக்கணும். நீங்க மொதல்ல கறந்து, அந்த ஈரத்தோட புது மாட்டுக்குக் குடுத்திருக்கீங்க. தடுப்பூசி போடற மாதிரி நோவைப் போட்டிருக்கீங்க." எஞ்சியிருந்தது பவுனு ஒன்றுதான். இத்தனை நாளும் சீம்பாலைத் தனிச் சட்டியில் கையால் பீச்சிக்கொண்டிருந்தாள், மெசினே காட்டவில்லை. பவுனின் பாலில் மருந்தை விட்டபோது வசந்தாமணி குனிந்து தட்டை எட்டிப் பார்த்தாள். நாலு குழியிலும் பால் பாலாகவே, தண்ணியாட்டம் ஓடியது. ஒரு பொட்டுச் சளி இல்லை.

அவரும் அங்கேதான் நின்றார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "அம்மிணி, நீங்க சொல்றது படிப்புக்குச் சரிங்க. செவலைப் பாலு இதுவரைக்கும் திரிஞ்சிருக்குதா, கட்டி விழுந்திருக்குதா? அது வம்சம் வேறங்க," என்றார். வம்சம்! டாக்டரம்மா வண்டி ஏறினதும் இவள் பக்கம் திரும்பி, "பீச்சற கை சரியா இருந்தா மாடு எதுக்குக் கெடுது?" அவ்வளவுதான், போய்விட்டார். கை. எப்போது பார்த்தாலும் கை. காவேரிக்கு ஒரு காம்பு செத்துப்போனபோது கை. சின்னிக்குப் பால் சரிபாதியாக இறங்கினபோது கை. பால்மானியில் டிகிரி இல்லையென்று சொசைட்டியில் கேனைத் திருப்பி அனுப்பினார்களே, அன்றைக்கு ஊர்ச் சனம் நிற்கிற இடத்தில், "எங்கூட்டுல கை ராசி அப்படி," என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம், வண்டிக்காரன் வந்து சொன்னான். சிரித்துக்கொண்டே! அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தக் கைதான் விடியுமுன் எழுந்து சாணி வழித்துத் தள்ளுகிறது, இந்தக் கைதான் புண்ணாக்கு ஊற வைக்கிறது, மாட்டுக்கு வயிறு ஊதினால் எண்ணெயைக் குடிக்க வைக்கிறது, நஞ்சுக்கொடி விழாமல் தொங்கினால் விழுகிற மட்டும் பக்கத்திலே உட்கார்ந்திருக்கிறது. எந்த மாடு அசை போடவில்லை, எது சாணி இளகப் போடுகிறது, எது சினைக்குக் கத்துகிறது, எல்லாம் இவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் செவலை ஒன்று. செவலைக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு சொட்டுப் பால் இறங்கக்கூடாது.

செவலை என்றால் சும்மா செவலை இல்லை. சம்பூர்ணத்தின் சீதனத்து மாட்டுக்குப் பிறந்தது. சம்பூர்ணம் அவருக்கு முதல் பெண்டாட்டி, பாம்பு கடித்துச் செத்துப்போனவள், வெளி அறையில் போட்டோவாக மாட்டியிருக்கிறாள், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்லப்போகிற மாதிரி. அவள் கொண்டுவந்த ஒரு மாட்டிலிருந்துதான் இந்தக் கட்டுத்தாரை நிறைந்தது என்று ஊரில் கேட்டாலும் சொல்வார்கள், ஒரம்பரை, சொந்தபந்தத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அவள் இருந்தபோது மெசின் ஏது, கைதான். ஒரு மாட்டைப் பீச்சிவிட்டு ஈரக் கையோடு அடுத்ததற்கு நகர்ந்திருப்பாள், எல்லாரும் செய்கிறதுதானே, அவளுக்கு வேலை கிடந்திருக்கும், கை கழுவ நேரமிருந்திருக்காது. அவள் செத்தபிறகு அது வழக்கமாகிப்போச்சு. அப்போது அந்த மாட்டுக்கு நோவும் இல்லை ஒன்றும் இல்லை. பாவம், அவள்மேல் என்ன தப்பு. அவள்மேல் தப்பே இல்லை என்பதுதான் வசந்தாமணிக்கு ஆத்திரமாக வருகிறது. உயிரோடிருக்கிற சக்களத்தியாக இருந்தால் குழாயடியில் வைத்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், மயிரைப் பிடித்திருக்கலாம், பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து அழுதுகூட இருக்கலாம். செத்தவளிடம் வாய் கொடுத்து என்ன செய்வது. செவலையிடம் பீச்சின முதல் செம்பு இன்னும் காலையும் மாலையும் அந்தப் போட்டோ முன்னால் போய்த்தான் வருகிறது. கல்யாணமாகி வந்த அன்றைக்கே அவர் செம்பைக் கையில் கொடுத்து, "இதக் கொண்டுபோய் வெச்சுக் கும்பிட்டுக்க," என்றார். கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று ஞாபகமில்லை. புதுப் பெண் என்ன வேண்டுவாள், நல்லபடியாக இருக்கணும் என்று வேண்டியிருப்பாள். சொசைட்டிக்காரன் வேண்டாமென்று திருப்பினதைத்தான் தினமும் அவளுக்குப் படைத்துக்கொண்டிருக்கிறோம் என்று இப்போது தோன்றியதும் சிரிப்பு வந்தது, பவுனு திரும்பிப் பார்த்தது.

பவுனுக்கு மடி தெறித்துக்கொண்டிருக்கிறது. மெசின் சத்தம் கேட்டாலே பால் இறங்கிவிடும்போல, நாலு காம்பின் நுனியிலும் முத்து முத்தாகத் துளிர்த்து நிற்கிறது, ஒரு துளி விழுகிறது, அடுத்தது ஊறுகிறது. இளம் ரோஸ் நிறத்தில் காம்பு. இன்னும் எந்தக் கப்பும் கவ்வாத காம்பு. செய்துவிட வேண்டியதுதானே, கப்பை மருந்துத் தண்ணியில் முக்கியாச்சு, முதலில் பவுனுக்கு மாட்டிவிட்டு, வரிசையாகப் போய்க் கடைசியில் செவலைக்கு வா என்றுதானே டாக்டரம்மா சொன்னாள், ஒரு எட்டு வலது பக்கம் வைத்தால் முடிந்தது. கால் நகரமாட்டேன் என்கிறது. ஏனென்றால் ஒரு தடவை நகர்ந்திருக்கிறது. அதைத்தான் காலையிலிருந்து நினைக்காமல் இருக்கப் பார்க்கிறாள், அதுவோ வாசலில் வந்து நிற்கிற கடன்காரன் மாதிரி போகவே மாட்டேன் என்கிறது. அப்போது இந்தச் செவலையின் தாய், அந்தச் சீதனத்து மாடு, இருந்தது. இவள் அஞ்சு மாசம். அன்றைக்கு அந்த மாடு என்ன கோபமோ உதைத்துக்கொண்டே நின்றது, வயிற்றுப் பிள்ளைக்காரி, பயந்துபோய், அதை விட்டுவிட்டு அடுத்த மாட்டை முதலில் பீச்சிவிட்டாள். அவ்வளவுதான் செய்தது. அந்த வாரம் தாண்டவில்லை. தீவனச் சாக்கைத் தூக்கினாள், இடுப்பில் சுளீரென்றது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் போய்விட்டது. ஆண் பிள்ளை என்றார்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சாக்குத் தூக்கினதால்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து இறக்கினபோது கட்டுத்தாரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அந்தச் சீதனத்து மாட்டை. பிறகு இவளைப் பார்த்தார். வாயைத் திறந்து நீதான் கொன்றாய் என்று சொல்லியிருந்தால்கூட இல்லை என்று சண்டை போட்டிருக்கலாம். ஒரு பார்வைக்கு என்ன பதில் சொல்வது. அதற்குப் பிறகு வயிறு திறக்கவே இல்லை.

சாக்குத்தான். தீவனச் சாக்குத்தான் காரணம், யாரும் தூக்க வரவில்லை, அவரும் வரவில்லை, இவளே தூக்கினாள். அது தெரியும். தெரிந்தாலும் கால் நகரவில்லையே, இதற்கு என்ன சொல்வது. பீச்சுகிற முறையை மாற்றினதால்தானோ என்று ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கிறது, சுண்ணாம்பு அடித்தாலும் திரும்பத் தலைகாட்டுகிற ஈரம் மாதிரி. இனி போவதற்கு வயிற்றில் என்ன இருக்கிறது, பயப்பட? ஒன்றும் இல்லை. அப்புறம் எதற்குப் பயம்? பவுனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பவுனுக்கு ஆகாமல் இருக்கத்தானே மாற்றச் சொல்கிறது? மாற்றினால் ஒரு பயம், மாற்றாவிட்டால் சளி. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது மனசு, செக்கு மாடு. இந்தப் பவுனு பிறந்தபோது தாய் எழுந்திருக்கவே இல்லை, சுண்ணாம்புச் சத்து இல்லாமல் படுத்தது படுத்தபடியே போய்விட்டது. கிடேரிக் கன்று, ஈரம்கூடத் துடைக்க ஆளில்லை. பிழைக்காது என்று அவர் கையை உதறினார். இவள்தான் சேலைத் தலைப்பால் துடைத்து, சமையல்கட்டு அடுப்போரமாகப் படுக்கப் போட்டு, புட்டியில் பால் காட்டி, விரலைச் சப்பக் கொடுத்து, மூக்கு ஒழுகினால் துடைத்து, கழிச்சல் வந்தபோது உப்பும் சர்க்கரையும் கரைத்து ஊற்றி... போதும், சொன்னால் பைத்தியக்காரி என்பார்கள். அந்த வருஷம் அவளுக்கு மார்பில் ஏதோ ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது, கன்று விரலைச் சப்பும்போது மட்டும் அது கொஞ்சம் குறையும். யாரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வது. கொஞ்சம் பெரிதானதும் கொம்புக் குருத்தைச் சுட்டபோது கத்தினதே, அந்தக் கத்தலுக்கு இவள் கோழி கூவுகிற வரைக்கும் தூங்கவில்லை. சினை ஊசி ரெண்டு தடவை நிற்காமல் போனபோது அவர், "வளத்தவளாட்டமே இருக்குது," என்றார். மூன்றாம் தடவை நின்றது. நின்றது பார், என்று அன்றைக்குப் பவுனின் காதில் மட்டும் சொன்னாள்.

வெயில் கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாகச் சாணித் தரையில் விழுந்திருக்கிறது. கன்று அந்தப் பக்கம் அம்மாவென்று ஒரு இழுப்பு இழுத்தது. பவுனு கழுத்தைத் திருப்பி ஹும்மென்றது, சட்டென்று நாலு காம்பிலிருந்தும் பால் கம்பியாக இறங்கித் தரையில் ஓடத் தொடங்கியது. அட, அட! பால் தரையில் போகிறதே, பார்த்துக்கொண்டு நிற்கிறாயே! வேறு ஒன்றும் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் நகர்ந்திருக்கமாட்டாள். குனிந்து துணியால் மடியைத் துடைத்தாள், காம்புக்கு ரெண்டு பீச்சு கையில் பிடித்துப் பார்த்தாள், தெளிவு. கப்பைத் தூக்கி மாட்டினாள். ஒன்று, உஸ். அடுத்தது. பவுனு ஒரு தடவை காலைத் தூக்கியது, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல, நாந்தேன்," காலை இறக்கியது. கண்ணாடிக் குழாயில் பால் வெள்ளையாக ஓட ஆரம்பித்ததும் வசந்தாமணி மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டாள். உள்ளே கடகடவென்று இரை புரள்கிற சத்தம். சூடு. புல் வாசனை. ஆச்சு, மாற்றியாச்சு. இடி விழவில்லை. பக்கத்தில் செவலை ஒன்றும் தெரியாத மாதிரி சோளத்தட்டையை மென்றுகொண்டிருக்கிறது, அதற்கென்ன தெரியும், பாவம் அதுவும் நோவை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பூவும் குங்குமமுமாக நிற்கிறது, ஒருத்தராவது அதற்கு மருந்து பார்த்தோமா? சாமியாக்கி நிறுத்திவிட்டால் வைத்தியம் பார்க்கத் தோன்றாதுபோல. அதையும் கடைசியாகப் பீச்சி, காம்பில் மருந்து ஏற்றி, வேளா வேளைக்கு ஊசி போட்டால் சரியாகிவிடும், டாக்டரம்மா சொன்னாளே. எல்லாமே சரியாகிவிடும். காவேரியும் தேறும், சின்னியும் தேறும். அவரிடம் சொல்லிவிடலாம். இன்றைக்குத் திட்டுவார், ரெண்டு நாள் பேசமாட்டார், பேசாமல் இருந்து எத்தனையோ நாள் பழக்கம்தானே. பிறகு பால் தேறினதும் அவரே பார்ப்பார், மாடும் தேறி, டிகிரியும் ஏறி, அட, இவள் கை இல்லையே காரணம் என்று ஒரு நாள், வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும், மனசுக்குள்ளாவது. அதுகூட வேண்டாம். சும்மா இருந்தால் போதும். கப்பில் பால் குறைந்து நுரை தட்டியது. கழற்றினாள். மடி சுருங்கித் துணிப்பை மாதிரி மெத்தென்று தொங்கியது, நாலு காம்பும் ஒரே அளவு. காம்பு நுனியை மருந்தில் முக்கினாள். வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது.

சென்னியப்பன் பூப்பொட்டலத்தோடு குனிந்து உள்ளே வந்தார். நெற்றியில் புதுத் திருநீறு, கோயிலுக்கும் போயிருக்கிறார்.

"செவலையப் பீச்சியாச்சா?"

"இல்லீங்க."

"இன்னும் என்ன பண்ணீட்டிருக்கற?"

"பவுனப் பீச்சிட்டனுங்க." கேனைக் காட்டினாள். "கப்பு கழுவுன கப்புங்க. மடி சுத்தமா இருக்குது. டாக்டரம்மா சொன்னாப்பல செவலையக் கடைசியா..."

அவர் கத்துவார் என்று நின்றாள். கத்தவில்லை. பவுனின் மடியைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், செவலையைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்து, பூவைச் செவலையின் கொம்பில் சுற்றினார், நிதானமாக, அவிழாமல் முடிச்சுப் போட்டு. குங்குமத்தை வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"ரங்கண்ணனுங்களா? ஆமாங்ணா, சென்னியப்பந்தேன். ஒரு தலையீத்து மாடு இருக்குதுங்ணா. கன்னோட."

ரங்கண்ணன் மாட்டு யேவாரி. வசந்தாமணிக்கு முதலில் எந்த மாடு என்றே புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ஏனுங்க, பவுனையா? ஏனுங்க! அது நான் வளத்த மாடுங்க. என்னையத் திட்டுங்க, அடிங்க. அதென்ன பண்ணுச்சு?"

"சீதனத்து வம்சத்துக்கு முந்திப் பீச்சுன மாடு இந்தக் கட்டுத்தாரையில நிக்கக் கூடாது," என்றார் போனைக் கொஞ்சம் விலக்கி. கோபமே இல்லாத குரல், மழை வரும்போல என்று சொல்கிற குரல். "ஆமாங்ணா, நாளைக்கே ஏத்திக்கலாம்."

அவள் பவுனின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிடித்து என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போனில் ரங்கண்ணன் ஏதோ கேட்டான், தகரத்துக்கடியில் அவன் குரல் கரகரவென்று வெளியே கேட்டது. மடி எப்படி, மடி எப்படி என்றுதான் கேட்கிறான், யேவாரி வேறென்ன கேட்பான், அதுவும் இந்த வீட்டு மாட்டுக்கு. அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பவுனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு காம்பாக இரு விரலால் உருட்டிப் பார்த்தார். தெரிந்தவன் பார்க்கிற பார்வை. மடியின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து இப்படியும் அப்படியும் அமுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"மடிக்கு நான் பொறுப்புங்ணா," என்றார். "எங்க மாட்டோட சங்கதிதான் உங்களுக்கே தெரியுமே, ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது. இது அப்படி இல்லீங். இது செவலைக்கு அப்பறம் பீச்சாத மாடு. ஆமாங், இது ஒண்ணுதானுங். தைரியமா ஏத்துங்க."

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. காவேரி, சின்னி, பெங்களூர்க்காரி, அந்தக் கோடி வரைக்கும் நிற்கிற அத்தனையும் செவலைக்கு அப்புறம் பீச்சினதுதான். கை, கை என்று இத்தனை வருஷமும். காலையில் டாக்டரம்மா சொன்னபோது அவர் முகத்தில் அதிர்ச்சி ஏன் இல்லை என்று அப்போது யோசிக்கவே இல்லையே.

"தெரிஞ்சேதானுங்களா?" என்றாள்.

அவர் எழுந்தார். முழங்காலில் ஒட்டிய சாணியைத் தட்டிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"செவலை ரொம்ப நேரமா நிக்குது பாரு," என்றார். "பீச்சு."